ஆதிமந்தி கதையில் மறக்கப்பட்டவள்

கிரேக்கப் புராணக் காதற் கதைகளுள் ஹீரோ, லியாண்டர் இருவரின் கதையைப் படிக்கும் தமிழர் எவருக்கும் ஆட்டனத்தியும் ஆதிமந்தியும் உடனே நினைவுக்கு வருவர். அங்கே ஒருவனைக் கடல் கொண்டது; இங்கே ஒருவனைக் காவிரி கொண்டது. அங்கே ஒருத்தி கரையில் நின்றாள். இங்கும் ஒருத்தி கரையில் அழுதாள். இலக்கிய மேடைகளில் இவ்விரு கதைகளையும் ஒரு மூச்சில் சொல்லி, உலகெங்கும் காதல் ஒன்றே என்று முடிப்பது எளிது, கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் எளிதிற் கிடைக்கும் ஒப்புமை பெரும்பாலும் அரை ஒப்புமையாகவே இருந்துவிடுகிறது. இரு கதைகளையும் அருகருகே வைத்து நிதானமாகப் படித்தால் ஒற்றுமை குறைந்துகொண்டே வரும். இறுதியில் கிரேக்கத்தார் கனவிலும் காணாத ஒருத்தி தமிழ்க் கதையில் நிற்பது தெரியும். அவள் பெயர் மருதி. நாம் கதையைச் சுருக்கிச் சொல்லும்போதெல்லாம் அவளை வெளியே நிறுத்திவிடுகிறோம். அது கதைக்குச் செய்யும் சிறு குறை அன்று, பெருங்குறை என்பதே என் கருத்து.

முதலில் கிரேக்கக் கதை. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் ஒடுங்கிய நீரிணையின் ஒரு கரையில் செஸ்டோஸ், மறுகரையில் அபிடோஸ். இன்று துருக்கி நாட்டுக்குள் தார்தனெல்ஸ் என வழங்கும் நீரிணை அது. செஸ்டோஸ் கோபுரத்தில் காதற் கடவுளின் பூசாரிணியாகிய ஹீரோ வாழ்ந்தாள். அபிடோஸ் இளைஞன் லியாண்டர் அவளைத் திருவிழாவில் கண்டு காதல் கொண்டான். இரவுதோறும் அவள் கோபுரத்து உச்சியில் விளக்கேற்றுவாள், அவ்வொளியைக் குறிவைத்து அவன் நீந்தி வருவான், விடியுமுன் திரும்பிவிடுவான். குளிர்காலம் வந்தது. புயலிரவு ஒன்றில் காற்று விளக்கை அணைத்தது. திசை தெரியாத லியாண்டர் அலைகளுக்குள் அமிழ்ந்தான். விடியலில் கோபுரத்தின் அடியில் அவன் உடலைக் கண்ட ஹீரோ மேலிருந்து வீழ்ந்து இறந்தாள்.

இக்கதையை 5 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முசேயஸ் என்னும் கிரேக்கக் கவிஞர் முந்நூற்றுச் சொச்சம் அடிகளில் பாடி வைத்தார். அவருக்கு நெடுங்காலம் முன்பே உரோமக் கவிஞர் ஓவிட், இருவரும் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்களாக இதைப் புனைந்தார். ஆங்கிலக் கவிஞர் மார்லோ 1593இல் கொலையுண்டபோது இக்கதையைப் பாதியில் விட்டுச் சென்றிருந்தார். அது 1598இல் அச்சாயிற்று. 1810 மே 3ஆம் நாள் கவிஞர் பைரன் அந்த நீரிணையைத் தாமே நீந்திக் கடந்து காட்டினார். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்றாம். லியாண்டர் கதை நடந்திருக்கக்கூடியதே என்று மெய்ப்பிக்க விரும்பினார் போலும்! நீந்த முடியுமா என்பதன்று அக்கதையின் கேள்வி. விளக்கு அணையாதிருக்குமா என்பதே அதன் கேள்வி. அதைப் பைரனால் நீந்திக் காட்ட இயலாது.

கவனிக்க வேண்டியது இது. கிரேக்கக் கதை இருவருக்குள் தொடங்கி இருவருக்குள் முடிகிறது. ஹீரோ கோபுரத்தை விட்டு இறங்குவதில்லை. ஓவிட்டின் கடிதத்தில் அவள் வயது முதிர்ந்த செவிலியோடு விளக்கடியில் நூல் நூற்றபடி காத்திருக்கிறாள். காத்திருப்பே அவள் செயல். கடைசியில் காத்திருப்புக்கு விடையும் கிடைத்துவிடுகிறது: உடல் கரைக்கு வந்து சேர்கிறது. ஐயத்துக்கு இடமில்லை. அவள் முடிவு கொடியது. ஆயினும் அது அறிந்து எடுத்த முடிவு.

நம் நாட்டில் இக்கதைக்கு மெய்யாகவே உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது பஞ்சாபின் ஸோஹ்னி–மஹிவால் கதை. செனாப் ஆற்றங்கரைக் குயவர் மகள் ஸோஹ்னி. புகாராவிலிருந்து வந்த வணிகன் இஸ்ஸத் பேக், அவள்மேற் கொண்ட காதலால் பொருளெல்லாம் இழந்து எருமை மேய்ப்பவனாகி, மஹிவால் என்று பெயர் பெற்றான். ஸோஹ்னியை வேறொருவனுக்கு மணம் செய்துவிட்டனர். இரவுதோறும் சுட்ட மண்குடத்தை மிதவையாகக் கொண்டு அவள் ஆற்றைக் கடந்து காதலனைக் காணச் சென்றாள். நாத்தனார் அதை அறிந்து, சுட்ட குடத்தை எடுத்துவிட்டுச் சுடாத குடத்தை அவ்விடத்தில் வைத்தாள். நடு ஆற்றில் குடம் கரைந்தது. அவள் குரல் கேட்டு நீரிற் பாய்ந்த மஹிவாலும் அவளோடு மாண்டான். சிந்து நாட்டுச் சூஃபி ஞானி ஷா அப்துல் லத்தீஃப் (1689–1752) தம் பெருநூலில் இவளுக்கென ஒரு பகுதியே ஒதுக்கினார். ஆற்றையும் கரையையும் ஆன்மாவின் வழிப்பயணமாகக் கண்டவர் அவர். கிரேக்கக் கதையில் நீந்துபவன் ஆண். இங்கே நீந்துபவள் பெண். அங்கே விளக்கு, இங்கே குடம். மற்றபடி எலும்புக்கூடு ஒன்றே. இங்கும் இருவர், இங்கும் ஒரே இரவில் இரு மரணம்.

ஆதிமந்தியை இவ்வரிசையில் மூன்றாவதாக நிறுத்துவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சங்கப் பாடல்களில் அக்கதை எவ்வாறு கிடைக்கிறது என்று பார்ப்போம். ஒரு முழுக் கதையாக எங்கும் இல்லை. பரணர் அகநானூற்றில் ஆறு பாடல்களில் அதைத் தொட்டுச் செல்கிறார், எல்லாம் உவமைகளே. ஒரு பாடலில் (376) கழாஅர் என்னும் காவிரித் துறையில் புதுப்புனல் விழா நடக்கிறது. கரிகாலன் சுற்றத்தோடு கண்டிருக்க, அத்தி காலிற் கழல் ஒலிக்க நீரில் ஆடுகிறான். அவன் ஒப்பனை அழகில் ஆசை கொண்ட காவிரி அவனை எடுத்து ஒளித்துவிடுகிறது. மற்றொன்றில் (222) அந்தக் காவிரிக்குத் தாழ்ந்து தொங்கும் கருங்கூந்தலையே கொடுத்துவிடுகிறார் பரணர். ஆறு வெறும் நீர்ப்பெருக்கு அன்று; ஆசைப்பட்டுக் கவர்ந்து செல்லும் ஒரு பெண். இன்னொரு பாடலில் (236) ஆதிமந்தி, கடல் கொண்டதோ, புனல் ஒளித்ததோ என்று கலங்கிய கண்ணோடு நிற்கிறாள்.

இவற்றுள் என்னை மிகவும் நிறுத்தி வைத்தது 76ஆம் பாடல். அங்கே பேசுபவள் தலைவி அல்லள், பரத்தை. தன்னைப் பழிக்கும் தலைவியின் காதில் விழுமாறு அவள் சொல்கிறாள்: ஆதிமந்தி கதறக் கதறக் காவிரி அவள் கணவனைக் கொண்டு சென்றாற்போல நானும் இவள் கணவனைக் கொண்டுவிடப் போகிறேன் என்று. ஒருத்தியின் அழிவையே இன்னொருத்தி தன் சூளுரைக்கு உவமையாக்குகிறாள். அந்தச் சூளுரைக்கு நடுவே, தன்னையறியாமல், ஆதிமந்தியின் குரலையும் நமக்குக் கேட்கச் செய்கிறாள். ஆதிமந்தி வழியிற் கண்டோரிடமெல்லாம் கேட்கிறாள்: அவன் இடையில் என்ன கட்டியிருந்தான், காலில் என்ன அணிந்திருந்தான், மார்பில் எத்தகைய மாலை, தலைமயிர் எப்படிச் சுருண்டிருந்தது, இத்தகையவனைக் கண்டீர்களா என்று. இன்று நாளிதழ்களில் நாம் காணும் 'காணவில்லை' அறிவிப்பின் மொழி இது. சட்டையின் நிறம், உடலின் அடையாளம், கடைசியாகக் காணப்பட்ட இடம். அழகை வருணிப்பதற்காக இந்த அடையாளங்கள் அடுக்கப்படவில்லை. ஆளைக் கண்டுபிடிப்பதற்காக அடுக்கப்படுகின்றன. காதலனின் அங்க வருணனை, தேடுபவளின் வாயில் புகுந்ததும் விசாரணையாகிவிடுகிறது. பரணரின் திறம் முழுவதும் அவ்விடத்தில் இருக்கிறது.

ஆதிமந்தி பெயரிலேயே ஒரு பாடல் குறுந்தொகையில் (31) உண்டு. வீரர் கூடிய விழாக்களில் பார்த்தேன், பெண்கள் கைகோத்தாடும் துணங்கையிற் பார்த்தேன், எங்கும் அவனைக் காணவில்லை என்கிறாள். நானும் ஆடுகளத்துக்குரியவள், என் வளையை நெகிழச் செய்த அவனும் ஆடுகளத்துக்குரியவன் என்கிறாள். அவ்வளவே. காவிரி என்ற பேச்சே இல்லை! வெள்ளமும் இல்லை, கடலும் இல்லை, மரணமும் இல்லை. அவன் பெயரும் இல்லை. அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. அந்நியர் மணம் பேச வந்தபோது தலைவி தன் காதலைத் தோழிக்கு வெளிப்படுத்தியதாக இப்பாட்டுக்குத் துறை வகுத்துள்ளனர். ஆற்றில் கணவனை இழந்தவளின் பாட்டாகத் துறை வகுத்தோர் இதைக் கொள்ளவில்லை. ஆனால் பாடியவர் ஆதிமந்தி என்று தெரிந்து படித்தால், ஒவ்வொரு விழாவாகத் தேடுவதன் பொருளே மாறிவிடுகிறது. ஆடுபவனை ஆடுமிடங்களிலேதான் தேட வேண்டும். ஆற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அவன் இன்னும் எங்கோ ஆடிக்கொண்டிருக்கிறான் என்று நம்புகிற ஒருத்தியின் குரல் அது. வெள்ளத்தைப் பற்றி ஊரார் பேசினர், பரணர் பேசினார், அவள் பேசவில்லை.

அவள் தேடல் பிற பெண்பாற் புலவரையும் தொற்றியது. வெள்ளிவீதியார் தம் துயரைச் சொல்லும்போது (அகம் 45), காதலனை இழந்த ஆதிமந்தியைப் போல நானும் அலைந்து திரிவேனோ என்கிறார். பின்னர் ஒளவையார் (அகம் 147), அந்த வெள்ளிவீதியைப் போல நானும் புறப்பட எண்ணினேன் என்று பாடுகிறார். ஒருத்தி நடந்த தடத்தை இன்னொருத்தி பார்க்கிறாள். அவள் தடத்தை மற்றொருத்தி. கோபுரத்தில் அமர்ந்து காத்திருந்த ஹீரோவுக்கு இப்படி ஒரு வழித்தோன்றல் வரிசை இல்லை. ஆதிமந்தி நடந்தாள், அதனால் அவளுக்குப் பின்னே பாதை உண்டாயிற்று.

உடல் கிடைக்காத துயரம் வேறு வகையானது என்பதைக் காவிரி, கொள்ளிடக் கரை மக்களுக்கு ஏட்டிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இக்கட்டுரை எழுதப்படும் வரதராஜன்பேட்டை ஆற்றங்கரை ஊர் அன்று. ஆண்டிமடத்தை அடுத்து, முந்திரிக் காடுகள் சூழ்ந்த மேட்டு நிலத்து ஊர். எனினும் வடக்கே வெள்ளாறு, தெற்கே காவிரியின் பெருவெள்ளத்தைச் சுமந்து செல்லும் கொள்ளிடம் என இரண்டு ஆறுகளுக்கு நடுவில்தான் இவ்வட்டாரம் முழுவதும் கிடக்கிறது. கொள்ளிடத்தோடு சேரும் மருதையாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும். அந்த ஆற்றில்தான் 1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூருக்கு அருகே வெள்ளத்தால் பாலம் நிலைகுலைய, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு இரயிலின் பெட்டிகள் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியதை நாடு நினைவில் வைத்திருக்கிறது. நடுநிசிப் பயணத்தில் உறவினரை ஏற்றி அனுப்பிவிட்டு, விடிந்தபின் செய்தி கேட்ட குடும்பங்களின் கேள்வி, ஆதிமந்தி கேட்ட அதே கேள்வியாகத்தான் இருந்திருக்க முடியும்: இத்தகைய ஒருவரைக் கண்டீர்களா?

நம் சமுதாயத்துக்கு இக்கேள்வி இன்னும் அணுக்கமானது. சபர் என்று சொல்லிக் கப்பலேறிய ஆண்களை எதிர்நோக்கி வாழ்ந்த கடற்கரைக் குடும்பங்கள் நம்முடையவை. நீரில் மூழ்கி இறந்தோரை ஷஹீதுகளின் கணக்கில் சேர்க்கும் நபிமொழி, இழந்தோர் வீடுகளில் ஆறுதலாகச் சொல்லப்படுவது. ஆனால் அந்த ஆறுதலைச் சொல்வதற்கும் அவர் இறந்தார் என்பது உறுதிப்பட வேண்டுமே! உறுதிப்படாதபோது மனைவி எந்நிலையில் இருக்கிறாள்? காணாமற் போனவனை 'மஃப்கூத்' என்று பெயரிட்டுச் சட்டவியலார் நெடுங்காலம் ஆராய்ந்தனர். அவன் வயதொத்தவர் இறந்து தீரும் காலம் வரை அவள் காத்திருக்க வேண்டும் என்றது ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பு. நான்காண்டு காத்திருந்து, பின்னர் இத்தா இருந்து விடுபடலாம் என்றது மாலிக்கி மத்ஹப். இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் நான்காண்டு என்ற அளவையே ஏற்றது. நான்காண்டாகக் கணவன் இருக்குமிடம் தெரியாத மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கோரலாம். ஆனால் தீர்ப்பு வழங்கிய பின்னும் ஆறு மாதம் அது நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவன் வந்து, இல்லறம் நடத்த ஆயத்தமென்று நீதிமன்றத்துக்கு மெய்ப்பித்தால் தீர்ப்பு நீக்கப்படும். சட்டமும் ஆறு மாதம் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கிறது. மனைவியுமல்லள், கைம்பெண்ணுமல்லள் என்ற இந்த நிலைக்கு ஹீரோவும் ஸோஹ்னியும் வரவில்லை. அவர்களுக்கு மரணம் ஒரே இரவில் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது. ஆதிமந்திக்கு எதுவும் தீரவில்லை. சங்கப் பாடல்கள் அவளைக் கைம்பெண்ணாகப் பாடாமல், அறிவு மயங்கித் தேடுபவளாகவே பாடுவதன் நுட்பம் இதுதான்.

பின்னர் சிலப்பதிகாரம் வந்தது. மதுரையில் கணவனைப் பறிகொடுத்த கண்ணகி, தன் ஊராகிய புகாரின் பத்தினிப் பெண்டிரை வரிசைப்படுத்திச் சொல்லும் வஞ்சின மாலையில் ஆதிமந்தி மீண்டும் தோன்றுகிறாள். இங்கே அவள் கரிகாலன் மகள். அவன் வஞ்சி நாட்டு அரசன். அவள் வெள்ளத்தின் பின்னே ஓடிக் கூவ, கடலே அவனைக் கொண்டுவந்து முன்னிறுத்திக் காட்டுகிறது. அவள் தழுவிக்கொண்டு திரும்புகிறாள். துன்பம் நீங்கிற்று, கற்பு வென்றது. மருதி இல்லை.

இதற்காக இளங்கோவடிகளைக் குறை சொல்வது நேர்மையாகாது. கதையைச் சொல்பவள் யார், எப்போது சொல்கிறாள் என்று பாருங்கள். வெட்டுண்ட கணவனின் உடலைக் கண்டு வந்தவள், பாண்டிமாதேவியின் முன் நின்று, நான் பிறந்த ஊர் எத்தகைய பெண்களைப் பெற்றது தெரியுமா என்று முழங்குகிறாள். அவளுக்கு வேண்டியது, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்த கடல். அரசன் எடுத்ததை அரசனால் திருப்பித் தர முடியாத இடத்தில் நின்றுகொண்டு, கடலே தந்ததே என்று சொல்லும்போது அவ்வுரையில் எத்தனை கசப்பு! காப்பியத்தில் அந்த இடத்துக்கு அக்கதை அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

குறை நம்முடையது. அச்சு வரலாறும் அதற்குத் துணை செய்தது. உ.வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892இல் வந்தது. சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பித்த குறுந்தொகை 1915இல்தான் அச்சேறிற்று. அகநானூறு அதற்கும் பின்னர். ஆக, பிற்காலக் கதை நம்மிடம் முந்தி வந்துவிட்டது. முற்காலக் கதை பிந்தி வந்தது. முந்தி வந்ததே மனத்தில் ஊன்றிக்கொண்டது. கடல் திருப்பிக் கொடுத்த கணவன் என்று கேட்டுப் பழகிய காதுக்குப் பரணரின் சிதறிய உவமைகள் அடிக்குறிப்புகளாகவே ஒலித்தன.

ஆட்டக்காரன் அரசனான மாற்றமும் அங்கே தொடங்கியதே. பரணர் பாடல்களில் அவன் சேர மன்னன் என்று சொல்லப்படவில்லை. அவள் கரிகாலன் மகள் என்றும் சொல்லப்படவில்லை. குறுந்தொகைப் பாட்டோ இருவரையும் ஆடுகளத்தோர் என்கிறது. ஆட்டன் என்ற சொல்லே ஆடுபவன் என்று பொருள்படுவது. இக்காலத்தில் பாரதிதாசன் 1949இல் இக்கதையை நாடகமாக்கியபோது, ஆட்டத்தை மறவாமல் 'சேர தாண்டவம்' என்று பெயரிட்டார். ஆயினும் தாண்டவத்துக்கு முன்னே சேரன் வந்து நின்றுகொண்டான். கண்ணதாசன் 'ஆட்டனத்தி ஆதிமந்தி' என்று காவியமே செய்தார். அக்கதையைத் தழுவி 1960இல் எம்.ஜி.ஆரும் பத்மினியும் நடித்து வந்த திரைப்படத்தின் பெயர் 'மன்னாதி மன்னன்'. ஒரு கூத்தன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்று அப்பெயரே சொல்லும். அரசர் கதையாக இருந்தால்தான் காதல் பெரிது என்று நினைப்பது நம்மிடையே ஆழ வேரூன்றிய பழக்கம். கிரேக்கத்தார் இதில் பரவாயில்லை. லியாண்டரை அரசனாக்காமலே விட்டுவைத்தனர். பஞ்சாபிலோ பணம் படைத்த வணிகன் எருமை மேய்ப்பவனாக இறங்கியதே அவன் காதலின் உயரம்.

இனி மருதி. அகநானூற்று 222ஆம் பாடல் ஒன்றே அவளுக்கு இடம். காவிரி கவர்ந்த அத்தியைத் தேடித் திசையெல்லாம் துழாவி மதி மயங்கிய ஆதிமந்திக்கு அவள் காதலனைக் காட்டிவிட்டுத் தான் ஒலிகடலுள் புகுந்தவள் மருதி, பாடப்பெறும் புகழுடையவள். இவ்வளவே பரணர் சொன்னது. அவள் யார் மகள், எவ்வூர், அவனை எங்கே கண்டாள், வெள்ளத்திலிருந்து அவனை மீட்டவள் அவள்தானா, ஒன்றும் இல்லை. 'காட்டி' என்ற ஒரு சொல்லில் கதை முழுவதையும் பரணர் மடித்து வைத்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். காட்ட வேண்டுமானால் அவன் இருக்குமிடம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட்டாமலும் இருந்திருக்கலாம். கரையில் ஒருத்தி அடையாளம் சொல்லி அழுதுகொண்டு வருகிறாள். நான் காணவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் அடுத்த ஊருக்குப் போய்விடுவாள். மருதி அவ்வார்த்தையைச் சொல்லவில்லை. காட்டியபின் அவள் ஏன் கடலுள் புக வேண்டும் என்பதற்கு ஒரே விடைதான் எனக்குத் தோன்றுகிறது: அவளுக்கும் அவன் வேண்டியவனாகியிருந்தான். தனக்கு வேண்டியவனை உரியவளிடம் ஒப்படைத்தபின் அவளுக்கென்று கரை எஞ்சவில்லை. (தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்வதை நம் மார்க்கம் ஏற்பதில்லை, அதைப் புகழ்ந்து நான் இதை எழுதவில்லை. கதையின் துயரம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதே என் வேலை.)

இப்போது ஹீரோவை நினைத்துக் கொள்ளுங்கள். அவள் இறந்தது, அவன் இறந்ததால். மருதி இறந்தது, அவன் உயிரோடு இருந்ததால். கிரேக்கக் கதையில் விளக்கை அணைத்தது காற்று. யார்மேலும் குற்றமில்லை, யாருக்கும் அங்கே தேர்ந்தெடுக்க வழியுமில்லை. தமிழ்க் கதையில் ஒருத்தி கையில் விளக்கு இருக்கிறது. மறைத்துக்கொள்ளவும் முடியும், காட்டவும் முடியும். அவள் காட்டுகிறாள். ஆதிமந்தியின் தேடல் முடிகிற அதே இடத்தில், அதே நொடியில், மருதியின் முடிவு தொடங்குகிறது. ஒரு வீட்டின் மகிழ்ச்சிக்கு அடியில் இன்னொருத்தி கிடக்கிறாள் என்பதைச் சொல்லும் துணிவு பரணருக்கு இருந்தது. கணவன் கிடைத்தான், மங்கலம் என்று கதையை முடிப்பவர் அத்துணிவு இல்லாதவர்.

காவிரியையும் சேர்த்து எண்ணினால் இக்கதையில் பெண்கள் மூவர். ஒருத்தி ஆசைப்பட்டாள், எடுத்தாள். ஒருத்தி இழந்தாள், தேடினாள். ஒருத்தி கண்டாள், கொடுத்தாள். 76ஆம் பாடலின் பரத்தை இம்மூவருள் காவிரியைத் தனக்கு முன்மாதிரியாகக் கொண்டாள். வெள்ளிவீதியார் ஆதிமந்தியைக் கொண்டார். மருதியை முன்மாதிரியாகக் கொண்டவர் எவருமில்லையா?

ஒருத்தி உண்டு. 222ஆம் பாடலைப் பேசுகிறவளே அவள்: தலைவியின் தோழி. தலைவனோ வரவில்லை, தலைவி நாளுக்கு நாள் மெலிகிறாள். நாமே அவனிருக்குமிடம் செல்வோம் என்று தோழி அழைக்கிறாள். அப்போது ஆதிமந்தியின் புகழ் நமக்கு வரட்டும் என்று அவள் சொல்லவில்லை. மருதியின் புகழ் போன்ற புகழை அடைவோம் வா என்கிறாள். கணவனைத் தேடி அடைந்தவளை விட்டுவிட்டு, காட்டிக் கொடுத்துக் கடல் புகுந்தவளை அவள் ஏன் தேர்ந்தாள்? தோழியின் தொழிலே அதுதானே: இருவரைச் சேர்த்துவைத்துவிட்டுத் தான் விலகி நிற்பது. அகப்பாடல்கள் நூற்றுக்கணக்கில் தோழியைப் பேசவைக்கின்றன. அவளுக்கென ஒரு காதல் உண்டா என்று ஒன்றும் கேட்பதில்லை. இந்தத் தோழி மட்டும், இரவெல்லாம் இடியோடு மழை கொட்டி நனைந்து குளிர்ந்து கிடக்கும் வழியைத் தலைவிக்குச் சுட்டிக்காட்டும்போது, மருதியின் பெயரை எடுக்கிறாள்.